ஸ்லிப்ஸ் கடித்த பைப்

கேள்வி இதுதான்: எண்ணெய்க் கிணறு தோண்டும் 5 அங்குல ட்ரில் பைப்பில் ஸ்லிப்ஸ் (பைப்பைக் கடித்து நிறுத்தும் பிடி) உட்காரும் இடத்தில் பல் தடம் ஆழமாக விழுகிறது, இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பும்போதெல்லாம் அந்த இடத்துக் கீறலால் சில பைப் கழிந்துபோகிறது, பல்லில்லாத டை (பைப்பைக் கடிக்கும் உள்முகத் துண்டு) வாங்கிப் போட்டால் தீருமா, இல்லையென்றால் நடுவில் செம்புத் தகடோ ரப்பரோ வைத்துப் பிடிக்கலாமா?

ரப்பர் வேண்டாம், செம்பும் வேண்டாம். பல்லில்லாத டை உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது. நான் ரிக் ஃப்ளோரில் ரஃப்நெக்காக (மேடைத் தொழிலாளியாக) ஆரம்பித்து டிரில்லர் வரை இருபது வருஷத்துக்கு மேல் நின்றவன், இப்போது கழிக்கப்பட்ட பைப்பைப் பார்த்துக் காரணம் சொல்லும் வேலை. பல் கடித்ததால் மட்டும் கெட்ட பைப் என் கண்ணில் பட்டது குறைவு. கடித்த பிடியிலேயே பைப் அசைந்தது, திரும்பியது, இல்லை பிடி பாதி இடத்தில் மட்டும் விழுந்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

முதலில் ஸ்லிப்ஸ் எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம், இது புரியாமல் டை வாங்கப் போனால் பணம்தான் போகும். ஸ்லிப்ஸ் ஒரு ஆப்பு. வெளிப்பக்கம் சரிவு, உள்பக்கம் பல். ரோட்டரி டேபிளில் இருக்கும் மாஸ்டர் புஷிங்கின் சரிவுக் கிண்ணத்துக்குள் அது இறங்க இறங்க, பைப்பின் சொந்த எடையே அதை உள்ளே நெருக்குகிறது. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) அளவுப்படி சரிவு ஒரு அடிக்கு 4 அங்குலம், விட்டத்தில் கணக்கிட்டது. ஒரு பக்கத்துக்குக் கோணமாகச் சொன்னால் ஒன்பதரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்லிப்ஸின் முதுகில் கிரீஸ் இருந்து அங்கே உராய்வுக் கெழு 0.08 என்று வைத்தால் அதுவும் ஒரு நாலரை டிகிரி, ஆக மொத்தம் 14. இந்த 14 டிகிரிக்கு டேன்ஜென்ட் 0.25. அதாவது பல் இருக்கும் முன்பக்கத்தில் உராய்வு குறைந்தது 0.25 இருந்தால்தான் பைப் நிற்கும், இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு இறங்கும். வழவழப்பான எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில் மட் (கிணற்றில் ஓடும் சேற்றுத் திரவம்), கிரீஸ் இரண்டும் இருந்தால் 0.1, மிஞ்சினால் 0.15. ஆகவே பல் அலங்காரத்துக்கு இல்லை, அது இல்லாமல் அந்த ஆப்பு ஆப்பாகவே வேலை செய்யாது.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் வெளியே வருகிறது. முதுகில் கிரீஸ் போடாமல் காய்ந்து, துருவேறி, அங்கே உராய்வு 0.2 ஆகிவிட்டால் முன்பக்கத்துக்குத் தேவைப்படும் உராய்வு 0.38 ஆக ஏறிவிடும். பையன்கள் முதுகைச் சுத்தம் பண்ணாமல் விட்டுவிட்டு, வழுக்குகிறது டை சரியில்லை என்று புலம்புவது இதனால்தான். கிரீஸ் முதுகுக்கு, வயர் பிரஷ் முகத்துக்கு. மாற்றிச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். த்ரெட்டில் தடவ வேண்டிய டோப் வழிந்து டை பல்லுக்குள் உறைந்து கிடக்கும், யாரும் சுரண்ட மாட்டார்கள்.

செம்புத் தகடு, ரப்பர் கதைக்கு இப்போது பதில் தெரிந்திருக்கும். 5 அங்குல எஸ்-135 கிரேடு பைப், முனையில் இருக்கும் கனத்த த்ரெட் இணைப்பான டூல் ஜாயின்ட்டோடு சேர்த்து மீட்டருக்குச் சுமார் 33 கிலோ. 3000 மீட்டர் தொங்கினால் காற்றில் 100 டன் பக்கம் வரும், மட்டில் மிதக்கும்போது ஒரு 85 டன். அந்த எடையை ரப்பரின் வெட்டு வலிமையில் தொங்கவிடப் போகிறீர்களா? செம்பு பிசைந்து வெளியே பிதுங்கும், கிழிந்த துண்டு கிணற்றுக்குள் விழும், அப்புறம் அதைத் தேடி மீன்பிடிக்க இறங்க வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப் வைஸில் ஒரு சப்-ஐ (குட்டை இணைப்புத் துண்டு) இறுக்கிப் பிடிக்கும்போது செம்புத் தாடை போடலாம், தப்பில்லை. அங்கே எடை தொங்கவில்லை.

சரி, நெருக்குதல் எவ்வளவு? மேலே சொன்ன 0.25-ஐத் தலைகீழாக்கினால் 4. தொங்கும் எடையைப் போல நாலு மடங்கு விசை பைப்பைச் சுற்றிலும் உள்ளே அமுக்குகிறது. ஒரே இடத்தில் கீழே இழுவை, சுற்றிலும் அமுக்கல், இரண்டும் சேரும்போது எஃகு இழுவை மட்டும் இருந்தால் தாங்குவதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். இதற்கு 1959-லேயே ரைன்ஹோல்ட், ஸ்பிரி என்ற இரண்டு பேர் சூத்திரம் போட்டுக் கொடுத்தார்கள், இன்று வரை தொழிலில் அதுதான் ஓடுகிறது. 5 அங்குல பைப், 16 அங்குல நீளப் பிடி, முதுகில் உராய்வு 0.08 என்றால் பெருக்கும் எண் 1.42. பிரீமியம் வகுப்பு (ஓடித் தேய்ந்தும் இன்ஸ்பெக்ஷனில் தேறிய) எஸ்-135, அடிக்கு 19.5 பவுண்டு பைப்பின் இழுவைத் திறன் 254 டன் என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் ஸ்லிப்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அது 179 டன்தான். இதிலும் முழுப் பிடியும் சமமாக விழுந்தால்தான் அந்த 179. கிண்ணம் தேய்ந்துபோய் 12 அங்குலத்தில் மட்டும் கடித்தால் 160-க்கு இறங்கிவிடும், இன்னும் குறைந்தால் இன்னும் கீழே. பைப்பின் கழுத்து லேசாக ஒடுங்கி, கையால் தடவினாலே பள்ளம் தெரியும் பைப்பெல்லாம் இப்படி வந்தவைதான். டை மேல் பழி போடுவார்கள், குற்றவாளி புஷிங்.

அதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது, காகிதச் சோதனை. பைப்பையும் ஸ்லிப்ஸையும் நன்றாகத் துடைத்துவிட்டு, பைப்பைச் சுற்றித் தடித்த பழுப்புக் காகிதத்தை, சிமென்ட் மூட்டைத் தாள் மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஹூக் லோடு (கொக்கியில் தொங்கும் எடை) ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இருக்கும் நேரமாகப் பார்த்து ஸ்லிப்ஸை மெதுவாக உட்கார வையுங்கள், அப்புறம் தூக்கிக் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை, சுற்றிலும் சீராகப் பல் பதிந்திருந்தால் பிரச்சினை இல்லை. மேல் பாதியில் மட்டுமோ கீழ் பாதியில் மட்டுமோ பதிந்திருந்தால் இதே சோதனையைப் புது ஸ்லிப்ஸ் வைத்து மறுபடி செய்யுங்கள். புதிதிலும் அதே மாதிரி வந்தால் தேய்ந்தது கிண்ணம், புதிதில் முழுசாக வந்தால் பழைய ஸ்லிப்ஸ் வளைந்துவிட்டது, குப்பையில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் டூல்புஷர்களிடம் (ரிக் மேற்பார்வையாளர்களிடம்) கேட்காத ரிக் இல்லை. ஷிஃப்டில் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான்.

டையில் ஒரு முரண் இருக்கிறது, புதிதாக வருபவர்களுக்கு நம்பவே முடியாது. கூர்மையான பல்தான் பைப்பைக் காப்பாற்றும். கூரான பல் ஒரு துளி உள்ளே இறங்கி அங்கேயே நின்றுவிடும், தடம் சின்னப் புள்ளி. மழுங்கிய பல் நிற்காமல் இழுத்துக்கொண்டே போய்ப் பள்ளம் தோண்டும். தேய்ந்த டையை பைப்புக்கு மென்மையாக இருக்கும் என்று நினைத்து விட்டுவைக்கக் கூடாது. மாற்றும்போது செட்டையே மாற்றுங்கள். நாலு புதுசு, மிச்சம் பழசு என்று கலந்து போட்டால் உயரமாக நிற்கும் புதுப் பல் மட்டும் மொத்த எடையையும் வாங்கும். அளவும் சரியாக இருக்க வேண்டும், 5 அங்குல ஸ்லிப்ஸில் நாலரை அங்குல பைப்பைப் பிடித்தால் வளைவு ஒத்துவராமல் ஒவ்வொரு துண்டும் நடுவில் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். அவசரத்துக்கு ஒரு ஸ்டாண்ட்தானே (சேர்த்தே நிற்கும் மூன்று பைப்) என்பார்கள்.

இனி தடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது. இதுதான் நீங்கள் எழுதியதில் இல்லாத, எனக்கு மிகவும் தேவையான தகவல். பைப்பின் நீளவாக்கில் ஓடும் கீறல் அசிங்கமாகத் தெரிந்தாலும் அவ்வளவு ஆபத்தில்லை. குறுக்கே, சுற்றுவாக்கில் ஓடும் கீறல் மெல்லியதாக இருந்தாலும் விஷம். காரணம் எளிது, பைப்பில் இழுவையும் வளைவும் நீளவாக்கில் வேலை செய்கிறது, குறுக்கு வெட்டு அதற்கு நேர் எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கிணறு வளைந்திருக்கும் இடத்தில் பைப் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த வாய் ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூடும். நிமிஷத்துக்கு 120 சுற்று என்றால் மணிக்கு 7,200, நாளைக்கு 1,72,800. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது மாதிரிதான். அதில் மட்டின் உப்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் பல் கடித்து இறுகிக் கெட்டியான அந்தச் சின்னப் புள்ளியே விரிசலுக்கு முளை.

இந்தக் குறுக்குக் கீறல் எங்கிருந்து வருகிறது? பைப் ஸ்லிப்ஸுக்குள் திரும்பியதால். ஒரு கதை சொல்கிறேன். பாலைவனத்தில் ஒரு ரிக், இரவு ஷிஃப்ட். பம்ப் பிரஷர் மெல்ல மெல்ல இறங்குகிறது, ஒரு மணி நேரத்தில் 150 பிஎஸ்ஐ போய்விட்டது. பம்ப் வால்வைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பைப்பை வெளியே உருவ ஆரம்பித்தோம், ஐம்பதாவது பைப்புக்குக் கிட்டே பாக்ஸுக்கு (மேல்முனை டூல் ஜாயின்ட்டுக்கு) அரை மீட்டர் கீழே ஒரு ஓட்டை, மட் பீய்ச்சி அரித்து விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் பைப் அறுந்து பாதி சரக்கு அடியில் போயிருக்கும். ஓட்டையின் இரு முனையிலும் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி குறுக்குக் கோடு, அதன் ஆரம்பம் ஸ்லிப்ஸ் பல்லில். விசாரித்தால், சில வாரமாக பேக்-அப் டாங்கை (கீழ்ப் பைப்பைத் திரும்பாமல் பிடிக்கும் பெரிய ரிஞ்சை) ஓரமாகத் தொங்கவிட்டு ஒரே டாங்கில் ஜாயின்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேகமாக முடியுமாம். மேலே டாங் இழுக்க, கீழே பைப்பைத் திரும்பாமல் பிடிக்க ஸ்லிப்ஸைத் தவிர வேறெதுவும் இல்லை. ஸ்லிப்ஸின் பல் எடையைத் தாங்க வெட்டியது, திருகலைத் தாங்க இல்லை. பைப் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் திரும்பி ஒவ்வொரு தடவையும் ஒரு வளையம் போட்டிருக்கிறது. அந்த டிரில்லர் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஆள் பழக்கிவைத்ததை நானும் கேள்வி கேட்காமல் தொடர்ந்தேன்.

ஆகவே இரண்டு டாங் எப்போதும் வேண்டும். இரண்டும் டூல் ஜாயின்ட் மேல், பைப் உடம்பின் மேல் ஒருபோதும் கூடாது. டூல் ஜாயின்ட் வேறு ஜாதி: உங்கள் பைப்பில் அதன் வெளிவிட்டம் ஆறே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக, 6⅝ இருக்கும், உடம்பின் சுவரோ 9.19 மில்லிமீட்டர்தான். டாங் கடிப்பதற்காகவே கொடுத்த கனத்த இரும்பு அது, அங்கே தடம் விழலாம், விழட்டும். கிரேடைப் பொறுத்து 22 ஆயிரத்திலிருந்து 38 ஆயிரம் அடி-பவுண்டு வரை இறுக்கும் வேலையை உடம்பின் மேல் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டாங்கை ஹார்ட்பேண்டிங் (தேயாமல் இருக்க டூல் ஜாயின்ட்டில் போடும் கார்பைடுப் பட்டை) மேலும் வைக்காதீர்கள், அந்தக் கார்பைடு டை பல்லைத் தின்றுவிடும், மழுங்கிய டை அடுத்த ஜாயின்ட்டில் வழுக்கும். அப்புறம் ஜாயின்ட் ஸ்லிப்ஸுக்கு மேலே ரொம்ப உயரத்தில் நிற்கும்போது ஒரே டாங்கில் இழுத்தால் பைப் ஸ்லிப்ஸ் வாயில் வளைந்தே போய்விடும், அந்த உயரத்துக்கு ஏபிஐ கையேட்டில் கணக்கே இருக்கிறது. அயர்ன் ரஃப்நெக் (டாங் வேலையைச் செய்யும் இயந்திரம்) வைத்திருக்கும் ரிக்கில் இதெல்லாம் குறைவு, இரண்டு தாடையும் ஒரே சட்டத்தில் இருப்பதால் பேக்-அப் மறந்துபோக வழியில்லை, அதன் சுழற்றும் உருளை வழுக்கி உடம்பைத் தேய்க்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு குற்றம், பைப் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்லிப்ஸைக் காலால் தள்ளி உதைப்பது. பிரேக் வேலையை ஸ்லிப்ஸ் செய்கிறது. நின்ற எடை 85 டன் என்றால் ஓடிவந்து நிற்கும்போது அது எவ்வளவு ஆகும், அந்த ஒரு நொடியில் கழுத்து ஒடுங்கும், பல் இழுத்துக் கிழிக்கும். டிரில்லர் பிரேக்கில் நிறுத்த வேண்டும், ஸ்லிப்ஸ் வைக்க வேண்டும், அப்புறம் எடையை இறக்க வேண்டும். இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். இரவு மூன்று மணிக்கு எண்பதாவது ஸ்டாண்டில் யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர்ப் போர்வெல் வண்டியைப் பாருங்கள். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்கப் போகும் அந்த வண்டிகளில் ராடைப் பிடிக்கப் பல்லே கிடையாது. ராடின் முனையில் எதிரெதிராக இரண்டு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருக்கும், டேபிளில் கவட்டை மாதிரி ஒரு ஸ்பேனர் அந்தத் தட்டையில் நுழைந்து கழுத்துக்கு அடியில் நிற்கும். எடையும் அதில்தான், திருகலும் அதில்தான். வடிவத்தால் பிடிக்கிறார்கள், உராய்வால் இல்லை, அதனால் உடம்பில் கீறல் விழ வேலையே இல்லை. தட்டை தேய்ந்து வட்டமானதும் பைப் ரிஞ்சைத் தூக்கி உடம்பில் மாட்டும் நாளில்தான் கெடுதல் ஆரம்பிக்கும். எண்ணெய் ரிக்கிலும் முடிந்த இடத்தில் இந்த வழிதான்: எலிவேட்டர் (பைப்பைத் தூக்கும் கவ்வி) டூல் ஜாயின்ட்டின் 18 டிகிரித் தோளில் தாங்குகிறது, உடம்பைக் கடிப்பதில்லை. ட்ரில் காலரில் (அடியில் வரும் கனத்த பைப்பில்) ஸ்லிப்ஸுக்கும் எலிவேட்டருக்கும் தனித்தனியாகப் பள்ளம் கடைந்து வாங்கலாம். ஆழ்கடலில் ரொம்பக் கனமான சரக்கை இறக்கும்போது ஸ்லிப்ஸையே எடுத்துவிட்டு இரண்டு எலிவேட்டரை மாற்றி மாற்றித் தோளில் தாங்குவதும் உண்டு, இல்லாவிட்டால் ஸ்லிப்ஸ் படும் இடத்தில் மட்டும் சுவரைத் தடிமனாக்கிய பைப் வாங்குவார்கள். உங்கள் நிலக் கிணற்றுக்கு அது யானை விலை.

பல்லில்லாத டை எங்கே உண்மையில் வேண்டும்? குரோம் டியூபிங்கில், அதாவது எண்ணெய் மேலே வரக் கிணற்றுக்குள் இறக்கும் குழாயில். 13 சதவீத குரோம், 22, 25 சதவீத டூப்ளக்ஸ் இதெல்லாம் மேலே படிந்திருக்கும் ஆக்சைடு தோலை நம்பி அரிப்பைத் தாங்குகிறது. சாதாரண எஃகுப் பல் அந்தத் தோலைக் கிழிப்பது ஒரு பக்கம், தன் இரும்புத் துகளை உள்ளே பதித்துவிட்டுப் போவது இன்னொரு பக்கம், அந்தத் துகளைச் சுற்றி உப்புநீரில் குழி விழ ஆரம்பிக்கும். அது இருபது வருஷம் கிணற்றிலேயே கிடக்க வேண்டிய பைப், உங்கள் ட்ரில் பைப் மாதிரி அவ்வப்போது வெளியே வந்து இன்ஸ்பெக்ஷன் பார்ப்பதில்லை. அதனால் அங்கே உப்புத்தாள் மாதிரி கார்பைடு மணல் ஒட்டிய டை, மிக நுண்ணிய பல் டை, மென்மையான உலோக டை என்று போடுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலரை அங்குல டியூபிங்கை 8,000 அடி-பவுண்டில் இறுக்க வேண்டும், பல்லில்லாப் பிடியின் உராய்வு 0.3 என்று வையுங்கள். தேவையான மொத்த அழுத்தம் 64 டன் வருகிறது. மூன்று தாடையில் அதைக் கொடுத்தால் பைப் முக்கோணமாகும். சுற்றிலும் முழுசாகத் தழுவும் தாடைதான் வேண்டும், பைப் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், அந்த டாங்கே வேறு. உங்கள் டாங்கில் டையை மட்டும் மாற்றிப் போட்டால் வழுக்கும், வழுக்கினால் பளபளவென்று ஒரு தேய்ப்பு, அது பல் தடத்தைவிட மோசம்.

ஏற்கெனவே கீறல் விழுந்த பைப்பை எல்லாம் தூக்கிப்போட வேண்டியதில்லை. பிரீமியம் வகுப்புக்கு வெட்டின் ஆழம் பக்கத்துச் சுவரில் பத்தில் ஒரு பங்குக்குள், மிச்சச் சுவர் புதுத் தடிமனில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் பைப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது 0.9 மில்லிமீட்டர். விளிம்பு கூராக இல்லாமல், பள்ளம் படிப்படியாகச் சரியும்படி தேய்த்து எடுத்துவிட்டு, காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று பார்த்து, தடிமனை அல்ட்ராசானிக்கில் அளந்து, தேறினால் ஓட்டலாம். வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளைப் பைப் பக்கமே விடாதீர்கள்.

இன்னும் ஒன்று, செலவில்லாதது, நிறையப் பேர் செய்வதில்லை. மூன்று பைப் ஸ்டாண்டாக உருவும்போது ஸ்லிப்ஸ் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் மேல் பைப்பை மட்டும்தான் கடிக்கிறது, கீழ் இரண்டும் தப்பித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு டிரிப்பிலும் (பைப்பை முழுக்க உருவி மறுபடி இறக்கும் சுற்றிலும்) பிரிக்கும் ஜாயின்ட்டை ஒன்று தள்ளி மாற்றினால் கடி மூன்றாகப் பங்கு போகும், அதோடு பிரிக்காமலே கிடக்கும் த்ரெட்டையும் பார்த்த மாதிரி ஆகும்.

டைக்கு ஆர்டர் போடுவதற்கு முன் கழிந்த பைப்பில் ஒரு பத்தை வரிசையாகக் கிடத்தி, தடத்தைச் சுத்தம் செய்து, விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் குறுக்கே ஓடுகிறது, பேக்-அப் டாங்கின் வயர் எத்தனை நாளாகத் தளர்ந்து தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். தடம் ஒரே பக்கத்தில் அல்லது ஒரே முனையில் ஆழமாக இருந்தால் காகிதச் சோதனை. இரண்டும் இல்லை, சுற்றிலும் சீரான புள்ளிகள், 0.9 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால், உங்கள் இன்ஸ்பெக்டர் எந்த வகுப்புக்கு அளந்து கழித்தார் என்று அவரிடமே ஒரு தடவை கேளுங்கள்.